மூன்றாம் எண் கூண்டு

துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றிய மதியம்
மேலாளர் கேட்டார் ஓர் அட்டவணை:
எந்த மேகத்தில் உட்கார்ந்து நிரல் எழுதலாம்,
எந்தக் கருவி அதைத் தானே கட்டித் தரும்.
மாலைக்குள்.

மேகம் என்று தட்டும்போது
மஞ்சக்குப்பத்து ஜன்னலில் அதே சொல்
கறுத்து நின்றது.

முதலாவது: பிரவுசர் போதும், மடிக்கணினி சூடாகாது.
மாதக் கடைசியில் பில் சூடும்.
இரண்டாவது இலவசம்; டீ குடித்துவிட்டு வந்தால்
தூங்கிப்போயிருக்கும்.
மூன்றாவது, லாஸ்பேட்டை ஜெபராணியின் சிபாரிசு:
அமைப்புக் கோப்பில் ஓர் இடைவெளி பிசகினால்
மொத்த பில்டும் சிவப்பு.
கடைசியில் என் பழைய மடிக்கணினி.
இருபத்திரண்டு நிமிடம் இரைந்து இரைந்து கட்டும்,
யார் தயவும் வேண்டாம் அதற்கு,
கரண்ட்டைத் தவிர.

ஆறேகாலுக்குக் கரண்ட் போனது.
ஆறரைக்கு டவர்.
கடைசி கமிட் போய்ச் சேர்ந்ததா, தெரியாது.
பேட்டரி பதினொரு சதவீதம் இருக்கையில்
அட்டவணையில் ஒரு வரிசை கூட்டினேன்: புயல்.
அதற்கு நேரே நான்கு கட்டமும் காலி.

விடிகாலை மூன்று நாற்பது.
மாடிப்படியின் ஏழாவது படியில் மட்டும்
ஒரு கோடு சிக்னல்.
'உசுரோட இருக்கியாடி' என்று ஜெபராணி, நான்கு முறை.
நடுவில் ஒரு செய்தி:
எந்த ஊரிலோ குளிர்ந்த அறையில் ஓர் எந்திரம்
இந்த மழை தெரியாமலே
என் நிரலைக் கட்டி முடித்திருந்தது.
நூற்று நாற்பது சோதனைகளில் ஒன்றுதான் தோல்வி.
அதன் பெயர், நான் வைத்தது:
'இணைப்பு அறுந்தால்'.

சிரித்துவிட்டேன்.
கீழே இரண்டாவது படிவரை வந்திருந்தது
கெடிலம்.