பதினேழாம் நம்பர் அட்டை

முதல் தடவை வந்தபோது அது ஒரு பையன் கை.
பழுப்புக் காகிதத்தில் பென்சிலால் சுற்றி வரைந்து
பின்லாந்திலிருந்து கூரியரில் வந்தது.
ராணிப்பேட்டை சிப்காட், மூன்றாவது ஷெட், வெட்டு மேசை.
"ரிகு ஹவுக்கலா. ஃபார்வர்ட். வயசு பத்தொன்பது"
என்று வாசித்துவிட்டு கலீமுல்லா சார்
அட்டையில் வெட்டி வைக்கச் சொன்னார்.
ஆணியில் பதினேழாவதாகத் தொங்கவிட்டேன்.

எனக்குத் தெரிந்த ஐஸ் முத்துக்கடையில்
சாக்கும் உமியும் போர்த்திய பாளம்.
அதன்மேல் ஆள் ஓடுவான்,
ஓடுகிறவன் உள்ளங்கைக்கு
நம்ம ஊர் வெள்ளாட்டுத் தோல் வேண்டும்
என்றால் சிரிக்காமல் என்ன செய்வது.

இரண்டாம் வருஷம் ஒரு குறிப்பு:
இடது உள்ளங்கை இன்னும் மெலிசாக,
மட்டையைத் தோல் வழியாகக் கேட்கணும்.
அப்படித்தான் இருந்தது, கேட்கணும் என்று.
மொழிபெயர்த்தவர் தப்பா, அவனே அப்படியா, தெரியாது.
கால் மில்லி சீவினேன்.
ஒரே மாசத்தில் கிழிந்து திரும்பி வந்தது.
கிழிந்த இடத்தை மூக்கருகே கொண்டுபோனேன்.
வேர்வை.
நம்ம வேர்வை மாதிரியேதான்.

ஐந்தாம் வருஷம் அமெரிக்கா.
நீல நூல் போய்ச் சிவப்பு நூல்.
பன்னிரண்டு ஜோடி ஆர்டர்,
நாலு அனுப்பினதும் மீதி எட்டு ரத்து.
பதினோரு ஆட்டமாம், ஒரு கோலும் இல்லையாம்.
எட்டுக்கும் தோல் வெட்டி முடித்திருந்தேன்.
சிவப்பு நூலை ஆம்பூர் ஷூக்காரர்கள் வாங்கிப் போனார்கள்.
மறுபடி நீலம்.

ஏழு, எட்டு: மாற்றமில்லை.
ஒன்பது: மாற்றமில்லை.
இந்த மூன்று வருஷத்தில்தான்
அவன் மளமளவென்று கோல் போட்டிருக்கிறான் என்று
தங்கை மகன் ஆசீர் போனில் தேடிச் சொன்னான்.
எனக்கு அந்த வருஷங்களில் நினைவிருப்பது
ஷிப்ட் மாறியதும்
பாலாற்றில் ஒருமுறை தண்ணீர் வந்ததும்.

பத்து: வலது மோதிர விரல் அரை அங்குலம் அகலமாக.
முறிந்து கூடியிருக்கிறது.
புது அட்டை வெட்டவில்லை,
பழையதிலேயே ஓரம் ஒட்டினேன்.
பதினொன்று: ஒட்டியது அப்படியே இருக்கட்டும்.

வீடியோ பார்த்தால் அந்தக் கருப்பு வில்லை
என் கண்ணுக்குத் தட்டுப்படுவதேயில்லை.
கையைப் பார்ப்பேன்.
ஒருமுறை சண்டை. முதல் வேலையாக
ரெண்டு பேரும் கையுறையை உதறி எறிந்தார்கள்.
என் அரை நாள் வேலை
பனிக்கட்டியில் மல்லாந்து கிடந்தது.
"பொறுக்குடா" என்றேன்,
கேன்டீனே திரும்பிப் பார்த்தது.
இன்னொருமுறை கோப்பை ஜெயித்தார்கள்.
அப்போதும் எறிந்தார்கள், மேலே.
அத்தனை பேருடையதும் விளக்குகளை நோக்கிப் போய்
எது அவனுடையது என்று தெரியாமல் விழுந்தது.

பதிமூன்றில் ஸ்விட்சர்லாந்து.
பதினான்கில் ஏதோ சின்ன ஊர்,
கூரியர் காசை யார் தருவது என்று ரெண்டு மெயில்.
பதினைந்தில் ஒரே ஒரு ஜோடி,
உள்ளங்கை தடிமனாக.
தடிமனாக!
கத்தியை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.
கேட்பதை நிறுத்திவிட்டான்.

இந்த மே மாசம்
பதினேழு என்று எழுதி வேறொரு கை வந்திருக்கிறது.
பேர் வாயில் நுழையவில்லை. நீள விரல்.
நடுவிரல் நுனியில் பென்சில் ஒருமுறை வழுக்கியிருக்கிறது.
பழையதைக் கழித்துப் போடச் சொன்னார் கலீமுல்லா சார்.
சரி சார் என்றேன்.

மத்தியானம் கரண்ட் போனது.
வெளியே நூற்று ஒன்பது டிகிரி.
ஷெட்டின் தகரம் முறுக்கிக்கொண்டு சத்தம் போட்டது.
பக்கத்து மேசை விண்ணரசி முந்தானையால் விசிறினாள்.
நான் பதினேழை எடுத்துக்கொண்டேன்.
அகலமான கை, நல்ல காத்து.
"எனக்கும் கொஞ்சம்" என்றாள்.
அவள் பக்கம் திருப்பினேன்.
ஒட்டின மோதிர விரல் மட்டும்
லேசாக ஆடியது.