கடைமடை

ரெஜினா குளியலறையில் வழுக்கி விழுந்ததும்
அவளுடைய இருபத்தொரு கிலோமீட்டர்
என் தலையில் வந்து உட்கார்ந்தது.
"காசைத் திருப்பித் தர மாட்டாங்களாம்.
பேர மாத்தச் சொல்லிட்டேன், நீ ஓடு"
என்றாள், மாவுக்கட்டை ஸ்டூலில் தூக்கி வைத்தபடி.
பத்தொன்பது நாள் இருந்தது.
அதுவரை என் கணக்கில் ஐந்து கிலோமீட்டர்,
அதுவும் நாய் துரத்திய நானூறு மீட்டரைச் சேர்த்து.
அன்றைக்குத்தான்
மேட்டூரை மூடிவிட்டார்கள் என்று செய்தியில் சொன்னார்கள்.

வாரம் ஒரு முறை மேடு ஏறு என்றது பயிற்சி அட்டவணை.
நீடாமங்கலத்தில் மேட்டுக்கு எங்கே போவேன்?
கொள்முதல் நிலையத்தில் தார்ப்பாய் போர்த்திய நெல் ஒன்று,
வெண்ணாற்றுப் பாலத்தின் முதுகு ஒன்று.
பாலத்தில் பதினாறு தடவை ஏறி இறங்கினேன்.
தூண்டில் போட்டிருந்தவர்
நான் எதையோ தொலைத்துவிட்டதாக நினைத்து
டார்ச் அடித்துக் கூடவே தேடினார்.
ஒன்றுமில்லை அண்ணே என்ற பிறகும்
கொஞ்ச நேரம் தேடினார்.

ரயில்வே கேட் மூடினால் மூடியதுதான்.
எஞ்சினைக் கழற்றி மறுபக்கம் மாட்டும்வரை
நெல் லாரிகளுக்கு நடுவே
நின்ற இடத்திலேயே குதிப்பேன்.
பீகார்க்காரக் கேட் கீப்பர்
பத்து விரலை விரித்துக் காட்டுவார்.
சிரித்துக்கொண்டே இன்னொரு பத்து.
குதித்ததை எல்லாம்
கைக்கடிகாரம் தூரமாக ஏற்றுக்கொள்ளவில்லை.

ஒன்பது ஓடிய அன்று
படித்துறையில் கடைசிக் கல் வெளியே வந்தது.
பதினொன்றில் மணல் தெரிந்தது.
நான் நீள நீள ஆறு ஒல்லியானது.

கோயில்வெண்ணி சாலையில் பாதித் தார் நெல்லுக்கு,
மீதிப் பாதியில் பஸ், அறுப்பு மிஷின், நான்.
காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த உதயகுமாரி
"மேல ஏறாத" என்று கத்தினாள்.
பிறகு என்ன நினைத்தாளோ,
"ஷூவக் கழட்டிட்டு ஓடு. எனக்கு ஒரு நடை மிச்சம்."
ஓடினேன். நூறடி இருக்கும்.
விரலிடுக்கில் சுணை
சாயங்காலம் கவுண்டர் மூடும்வரை அரித்தது.

பன்னிரண்டாவது கிலோமீட்டரில் வற்றிப்போனேன்.
மைல்கல்லில் உட்கார்ந்து
பால் வண்டிக்காரரிடம் தொற்றிக்கொண்டு வீடு வந்தேன்.
ரெஜினாவிடம் சொல்லவில்லை.

மாமியார் வீட்டு மீட்டருக்குப் பெயர் மாற்ற வந்த
இடும்பாவனத்து ஆள்,
சர்வர் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில்
யாரையோ திட்டுகிற குரலில் சொன்னார்:
"தலைப்புல தாராளமா தொறந்துவிட்டா
எங்களுக்கு ஈரம்தாம்மா வரும்."
மனுவில் முத்திரை குத்தினேன்,
தேதியைத் தப்பாகக் குத்தினேன்.

மறுநாளிலிருந்து முறை வைத்தேன்.
நாலு நிமிடம் திறப்பு, ஒரு நிமிடம் அடைப்பு.
கால் கேட்கும்போது கொடுக்கவில்லை,
கேட்காதபோது நிறுத்தினேன்.
நடக்கிற அந்த ஒரு நிமிடத்தில்
டீக்கடை பெஞ்சு மொத்தமும் பார்க்கும்.
"அவ்வளவுதானா?" என்று ஒருவர் கேட்டார்.
அவர் கேட்டு முடிப்பதற்குள் என் முறை வந்துவிட்டது.

பதினேழு.
மூணாறு தலைப்பில் போய் நின்றேன்.
ஆறு மூன்றாகப் பிரிகிற இடத்தில்
பிரிவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.
ஷட்டருக்குக் கீழே குட்டை,
குட்டையைச் சுற்றிக் கொக்குகள்,
ஒன்றுக்கும் அவசரமில்லை.
அதற்கு மேல் ஓடாதே, காலை ஆற விடு என்றது அட்டவணை.
ஆக, ஒரு நாலு கிலோமீட்டரை
நான் இதுவரை பார்த்ததே இல்லை.

நம்பர் சீட்டு நேற்று வந்தது.
பெயரை மாற்றவில்லை, ரெஜினா என்றே இருக்கிறது.
பனியன் இரண்டு அளவு பெரிசு.
நாலு ஊக்கு குத்தி நாற்காலியில் தொங்கவிட்டால்
அவளே வந்து உட்கார்ந்திருப்பது போலத்தான் இருக்கிறது.
கடலை மிட்டாய் இரண்டு, உப்புக் கரைசல், விளக்கெண்ணெய்.
வலது முட்டி என்னவோ சொல்கிறது,
நாளை பத்து மணிக்கு மேல் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசி நாலுக்கு
ஈரமாவது போய்ச் சேர வேண்டும்.
தஞ்சாவூருக்கு முதல் பஸ் மூன்றே முக்காலுக்கு.
கேட் திறந்திருக்க வேண்டும்.