பன்னிரண்டு வோல்ட்

சோமா பேருந்து நிலையத்தின் பின்னால் மூன்று கடைகள்.
மூன்றிலும் அதே பெட்டி,
மூன்று பெயரில்.
"மூவாயிரம் வாட்" என்று சிவப்பில் கத்துகிறது அட்டை.
லுயான்டோ அதை இடது கையில் வாங்கிக்கொள்கிறாள்,
வலது கையில்
பையிலிருந்து எடுத்த ஒரு கிலோ சோளமாவு.
"மாவுதான் கனம்" என்கிறாள்.
கடைக்காரன் தன் போனில்
அவசரமாக எதையோ தேடுகிறான்.

எனக்குத் தெரிந்த மின்சாரம்
சாவியைத் திருப்பினால் உறுமும், அவ்வளவுதான்.
பதினோரு வருடமாக டாக்ஸி ஓட்டுகிறேன்.
பானெட்டுக்குள் இருக்கும் பன்னிரண்டு வோல்ட்டை
வீட்டுக்குள் கூப்பிட வேண்டுமானால்
இருநூற்று முப்பதாக வேஷம் கட்ட வேண்டும் என்று
அவள் சொல்லித்தான் தெரியும்.

மின் கட்டண ரசீதின் முதுகில்
பட்டியல் போட்டோம்.
கெட்டில், இரண்டாயிரம். அடித்தாள்.
என் பேட்டரியைச் சப்பிய மாங்கொட்டையாக்கிவிடுமாம்.
இஸ்திரிப் பெட்டி.
கசங்கிய சட்டையோடும் பிழைக்கலாம், அடித்தாள்.
ஃபிரிட்ஜுக்கு ஓடும்போது நூற்றைம்பது போதும்,
எழுந்திருக்க மட்டும் ஆயிரம் கேட்கும்,
என் தம்பி முன்சாகாவைப் போல.
கொஞ்சம் யோசித்துவிட்டு அதையும் அடித்தாள்.
மிஞ்சியது
குஞ்சு பொரிக்கும் பெட்டி.
எண்பது வாட். தொண்ணூற்றாறு முட்டை.
இருபத்தொரு நாள்.

இங்கே மின்சாரம்
நாளுக்கு ஆறு மணி நேரம் வந்தால் விருந்தாளி,
ஏழு என்றால் வதந்தி.

நான்காவது கடை ஒரு தையல்காரருக்குப் பின்னால் இருந்தது.
ஹமூங்கா இரண்டை எடுத்து வைத்தான்.
ஒன்றில் மாட்டிய மின்விசிறி
பல்வலிக்காரனைப் போல முனகியது.
"இதில் அலை படிக்கட்டில் ஏறி இறங்கும்.
பல்புக்குப் பரவாயில்லை,
மோட்டாருக்கு முழங்கால் போய்விடும்."
மற்றதில் விசிறி பேசவே இல்லை.
காற்று மட்டும் வந்தது.
முந்நூறு வாட். விலை இருமடங்கு.
மாவை விடக் கனம்.

டயருக்கென்று வைத்திருந்த குவாச்சா அது.
"பழசு இன்னும் ஒரு மழை தாங்கும்" என்றாள்.
என் டயர் மேல்
எனக்கே இல்லாத நம்பிக்கை.

லைட்டர் துளையை நம்பாதே என்றான் ஹமூங்கா.
பேட்டரியிலிருந்தே நேராக
சுண்டுவிரல் தடிமனில் இரண்டு கம்பி,
சிவப்பின் கழுத்தில் ஒரு ஃபியூஸ்.
பாதி தீர்வதற்குள் கத்தும்படி திருகிக் கொடுத்தான்.
இப்போது பானெட் முழுதாக மூடுவதில்லை.
சனிக்கிழமை பக்கத்து வீட்டு சிபேகோ
முடியை நேராக்கும் கருவியோடு வந்து நின்றாள்,
கல்யாணத்துக்கு நேரமாகிவிட்டதாம்.
லுயான்டோ அவளுக்கு நாற்காலி போட்டாள்,
இரண்டு சடை பின்னிவிட்டாள்,
பிளக்கை மட்டும் கொடுக்கவில்லை.

நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை
இன்வெர்ட்டர் பீப் பீப் என்னும்.
எழுந்துபோய் இஞ்சினைப் போட்டு
ஒரு மணி நேரம் உறுமவிட வேண்டும்.
பெட்ரோல் முள்ளைப் பார்க்காமலிருக்கப் பழகிக்கொண்டேன்.
லுசாக்கா பஸ் பிடிக்க வேண்டியவர்கள்
விடியுமுன் அழைக்கிறார்கள்.
வண்டி வேலையில் இருக்கிறது என்கிறேன்.
எங்கே என்கிறார்கள்.
வாசலில்.

இருபதாம் இரவு, மூன்று மணி இருக்கும்.
பீப்.
வெறுங்காலோடு ஓடினேன்.
சாவி ஒரு கையில், டார்ச் ஒரு கையில்.
பன்னிரண்டு புள்ளி மூன்று, பச்சை விளக்கு,
இன்வெர்ட்டர் வாயே திறக்கவில்லை.
ஹமூங்காவைத் திட்ட ஆரம்பித்தேன்.

மறுபடி கேட்டது,
ஜன்னலுக்கு உள்ளேயிருந்து.

லுயான்டோ எனக்கு முன்னே எழுந்துவிட்டிருக்கிறாள்.
மண்டியிட்டு
கண்ணாடி மூடியில் காதை வைத்திருக்கிறாள்.
"இஞ்சினைப் போட்டுத் தொலைக்காதே" என்றாள்,
"எந்த முட்டை என்று தெரியவில்லை."