வீட்டு வரி ரசீது

லாரி வரும்வரை
வரிசையில் எனக்குப் பதிலாக நின்றது
ஒரு பச்சைக் குடம்.
கழுத்தில் கட்டிய சிவப்பு ரிப்பன்தான் அதன் பெயர்.

கொருக்குப்பேட்டை கேட் திறந்திருந்தால் ஓட்டம்,
மூடியிருந்தால் எண்ணெய் வண்டியின் பெட்டிகளை எண்ணி எண்ணிப் பல் கடிப்பேன்.
ரேஷன் கடைக்கு மேலே கிளை நூலகம்.
பதினேழு படி.
பதினோராவது படியில் மண்ணெண்ணெய் வாசனை முடிந்து
காகித வாசனை தொடங்கும்.

உறுப்பினர் படிவம் மஞ்சள்.
பெயர், வயது, பள்ளி எல்லாம்
குண்டு குண்டாக எழுதிவிட்டேன்.
கடைசியில் ஒரு கோடு:
பிணையாளர் வீட்டு வரி செலுத்துபவராக இருத்தல் வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு வரி கிடையாது.
எண்ணே கிடையாது.
தண்டவாளத்துக்கும் கால்வாய்க்கும் நடுவே
நூற்று நாற்பது குடிசை,
ஒருத்தரிடமும் ரசீது இல்லை.
ஹார்பரில் மூட்டை தூக்கிவிட்டு வந்த அப்பா
படிவத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"புக்க எட்த்துகினு ஓடிப்போய்ட்டா
புட்ச்சிக்க ஒரு வூடு வோணும்ல, அதான்."
கோபமே இல்லாமல் சொன்னார்.
கோபப்பட்டிருக்கலாம்.

எடுத்துப்போக முடியாது, சரி.
உட்காரலாம்.
டீக்கடை பெஞ்சுக்கு டீ வாங்கணும்,
ஸ்டான்லி ஆஸ்பத்திரி பெஞ்சுக்கு நோய் வேணும்,
இந்த பெஞ்சுக்கு ஒன்றும் வேண்டாம்.

பிரமீளா மேடம் எந்நேரமும் ஸ்வெட்டர் பின்னுவார்,
இந்த வெயிலில் யாருக்கோ.
இதைப் படி என்று ஒருநாளும் சொன்னதில்லை.
நான் நுழைந்தால்
மூன்றாவது ஃபேனைப் போடுவார்.

பனிக்கடலில் மாட்டிய ஒரு கப்பலின் கதை.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் பாய்மரம் முறிந்தபோது
கீழே லாரி ஹாரன்.
நாளைக்கு வேறு யாராவது எடுத்துப்போய்விட்டால்?
பஸ் டிக்கெட்டை அடையாளம் வைத்து
வேளாண்மை அடுக்கில்,
தென்னைக்கு உரமிடும் முறைகளுக்குப் பின்னால் ஒளித்தேன்.
இந்தத் தெருவில்
எவன் தென்னைக்கு உரம் போடப்போகிறான்?

வெள்ளி விடுமுறை.
சனிக்கிழமை எடுத்தால்
என் டிக்கெட் அப்படியே இருந்தது,
நூற்று நாற்பதில் ஒரு மிட்டாய்க் காகிதமும்.

யாரோ. ரசீது இல்லாத இன்னொருவர்.
எடுத்து, படித்து,
உரத்துக்குப் பின்னாலேயே திருப்பி வைத்திருந்தார்.

இரண்டு வாரம் துரத்தினோம்,
டிக்கெட்டும் மிட்டாய்க் காகிதமும்.
பார்த்ததே இல்லை. அவர் காலை, நான் சாயங்காலம்.
ஒருநாள் ஓரத்தில் பென்சில் எழுத்து:
'நாய்ங்கள சுடப்போறாங்கோ.
அட்த்த பக்கம் பாக்காத.'

பார்த்தேன்.
அழுது முடித்து இறங்கும்போது
லாரி போய்விட்டிருந்தது.
யாரோ காலால் தள்ளிய குடம்
சாக்கடை ஓரமாகப் படுத்துக் கிடந்தது,
ரிப்பன் மட்டும் ஈரம்.

எஸ்தரக்கா கொடுத்த அரைக் குடத்தில் சோறு வடித்தோம்.
அம்மா துடைப்பத்தால் இரண்டு வைத்தாள்.
பிறகு, விளக்கை அணைத்தபின்,
இருட்டில் அவள் குரல்:
"அந்தக் கப்பலு கரைக்கு வந்துச்சா, இல்லியா?"

குடிசைகள் போய்
ஊருக்கு அந்தப் பக்கம் எட்டாவது மாடியெல்லாம் ஏறி இறங்கி
இப்போது திருவொற்றியூரில் எனக்கு ஒரு வீடு,
கதவில் எண், சுவரில் ஓதம்.
போன மாதம் முதல்முறையாக வரி கட்டினேன்.
ரசீதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு
எதற்கென்று சொல்லத் தெரியாமல்
அந்தப் பதினேழு படி ஏறினேன்.

ஸ்வெட்டர் இல்லை. கம்ப்யூட்டர்.
மேசையில் ஒரு பையன்,
கையில் படிவம், கடைசிக் கோடு காலி.
பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.
அவன் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை,
அடுக்குகளுக்குள் பாய்ந்துவிட்டான்.

"தெரிஞ்ச பையனா மேடம்?
புக்கோட ஓடிட்டா நீங்கதான் பொறுப்பு" என்றார் அந்த ஆள்.

ஓடட்டும்.
எவ்வளவு தூரம் ஓடுவான்,
கேட் மூடியிருக்கும்.