மூன்று வெற்றிலை நேரம்

நள்ளிரவில் மஹாச்சாய் கொட்டகைக்கு
ஐஸ் லாரி வரும்.
விரல் மரத்துப்போகும் முன்
யாராவது ராணியைப் பேச்சுக்குள் இழுத்துவிட வேண்டும்.
இல்லாவிட்டால் இறால் தலையைக் கிள்ளிக் கிள்ளி
நம் தலையும் கூடையில் விழுந்துவிடும்.

உப்புக் காய்ச்சுகிறவன் மகள், என்பாள் மி சோய்.
மூட்டை சுமந்து அரண்மனைக்குள் போனாள்.
சாயங்காலம்
மூட்டைத் துணி மட்டும் வீடு திரும்பியது.

மி ஹோங் ஒத்துக்கொள்ள மாட்டாள்.
ஆமை வீட்டுப் பெண் அவள்.
தென்கிழக்குத் தூணில் ஆவி குடியிருக்கும் வீடு.
அந்த வீட்டார் வழியில் ஆமையைக் கண்டால்
பிடித்துவந்து சமைத்துப் படைக்க வேண்டும்.
அல்லது மூக்கைப் பொத்தி
"சீ, நாறுது" என்று தாண்டிப்போகலாம்.
சின்னப் பொய். ஆவிக்கும் தெரிந்த பொய்.
அது வரவில்லை அந்தச் சிறுமிக்கு.
எதிர்ப்பட்ட ஆமையையெல்லாம் தூக்கிவந்து
அடுப்பருகே உட்கார்ந்து அழுவாளாம்.

பெயர் மி லகூன்.
எந்தக் கல்லிலும் இல்லை.

பிறகு படையெடுப்பு. இதில் சண்டை கிடையாது,
எல்லார் வாயிலும் ஒரே கதை.
ஆற்றின் தலைமாட்டிலிருந்து இறங்கிவந்தான் ஒருவன்,
நாற்பது யானை,
கடலைப் பார்த்தே இராத ஆட்கள்.
ஊரைக் கொடு, அல்லது நீ வா.
வருகிறேன், என்றாள்.
ஆற்று நடுவே மணல்திட்டு,
பெண் அன்னம் ஆண் அன்னத்தின் முதுகில்
ஏறி நின்றதாகச் சொல்வார்களே, அத்தனை சின்ன நிலம்.
அவன் பக்கம் முன்னூறு பேர் நீரில் இடுப்பளவு நிற்க
அவள் பாக்கை வெட்டினாள்.

முதல் வெற்றிலைக்கு அவன் கேட்டான்:
கோட்டையில் எத்தனை பேர்?
உள்ளதைச் சொன்னாள்.
இரண்டாவதற்கு: தானியம்?
அதையும்.
மூன்றாவது வெற்றிலையில் சுண்ணாம்பு கூடிவிட்டது,
நாக்கு வெந்தது, பேசவில்லை.
அன்று பௌர்ணமி.
எந்த நேரத்தில் கடல் எழுந்து நின்று
சுவர்போல் ஆற்றுக்குள் நடந்துவரும் என்று
அவன் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், என்கிறாள் மி ஹோங்.
"சொல்லியிருப்பாளாக்கும்!" என்கிறாள் மி சோய்,
உரித்த இறாலை உதறியபடி.

அலை போனபின்
ஊர்க்காரர்கள் அவளை ஆலமரக் கிளையில் கண்டார்கள்.
நாரையாகி வந்து அமர்ந்தாள் என்பது ஒரு பேச்சு.
தலைமுடி சிக்கித் தொங்கினாள் என்பது
யாரும் உரக்கச் சொல்லாத பேச்சு.
அதன்பின் இருபத்தாறு வருடம் ஆண்டாள்,
வெற்றிலை தொடவில்லை.

இங்கே எப்போதும் நிறுத்துவோம்.
விசில் ஊதிவிடும், தராசுக்கு ஓட வேண்டும்.
ஆனால் இன்று புதுப்பெண் ஒருத்தி,
முடோனிலிருந்து வந்து நாலே நாள்,
கையுறைக்குள் கை இன்னும் நடுங்குகிறது,
கேட்டுவிட்டாள்:
"அக்கா, அவளைத் திட்டுக்குக் கூட்டிப்போனாங்களே,
துடுப்புப் போட்டவங்க?"

பதினோரு பேர். எங்களுக்குத் தெரியும்.
திட்டின் ஓரத்தில் படகைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள்.
அவர்களைத் திருப்பி அனுப்பியிருந்தால்
அவன் வானத்தைப் பார்த்திருப்பான்.

யாரும் பேசவில்லை. குழாய் மட்டும் ஒழுகியது.

என் வீட்டுக்காரன் இழுவைப் படகில் போனவன்.
வேறொருவன் அட்டையில் ஏறினான்,
கம்பெனிப் புத்தகத்தில்
கடலில் விழுந்தது அந்த வேறொருவன்தான்.
நான் போய்க் கேட்டபோது
குமாஸ்தா பொய் சொல்லவில்லை:
"அப்படி ஒரு ஆள் எங்களிடம் இல்லையம்மா."

அதனால் நான் தொடங்கினேன்.
நாய் தமோய், என்றேன்.
முன்பக்கத் துடுப்பு. இடது காது கேட்காது.
நாய் பலாய், என்றாள் மி சோய் தயங்கி,
கடன்காரன், ஆனால் நல்லாப் பாடுவான்.
மூன்றாவதை மி ஹோங் சொன்னாள்,
நான்காவதைப் புதுப்பெண்.
ஏழு வரை வந்தோம்.
என் ஆளின் பெயரை நான் கொடுக்கவில்லை,
அவன் யாருக்காகவும் எந்தத் திட்டிலும்
நிற்க வேண்டியதில்லை.

விசில்.
என் கூடை இரண்டு கிலோ குறைவு.
மேஸ்திரி ஏன் என்று கேட்டான்.