அப்பொலோனியாவின் இடது கன்னம்

நிலநடுக்கம் கூரையைத் தின்றபின்
அந்த மலையூர்த் தேவாலயத்தில்
பல்வலிக்காரர்களின் புனிதை மட்டும்
சுவரோடு மிச்சம்.
கையில் குறடு. குறட்டில் ஒரு பல்.

ஒர்னெல்லா சாரத்தில் ஏறிப்
புற ஊதா விளக்கைப் பிடித்தாள்.
மேலங்கி பால்போல் ஒளிர்ந்தது.
முகம் கருத்துக் கிடந்தது.

முகம் புதிது;
தொண்ணூறு வருடப் புதிது.
கடைப்பலகை எழுதும் எஜிதியோ
இரண்டு நாள் கூலிக்குத் தீட்டியது.
யார் சாயல் என்று ஊருக்கே தெரியும்:
ரொட்டிக்கடை நெவியா.
அவளுக்கும் இடது கண் சற்றுச் சிறிசாம்.

அங்கோனா அலுவலகம் ஒற்றை வரி எழுதியிருந்தது:
பிற்சேர்க்கையை நீக்கி மூலத்தை வெளிக்கொணர்க.

காதுக்குக் கீழே
அஞ்சல்தலை அகலத்தில் ஒரு சன்னல் திறந்தாள்.
பஞ்சுருண்டையும் கரைப்பானுமாக
ஒரு முழுக் காலை போயிற்று.
எஜிதியோ பழுப்பாகப் பஞ்சில் இறங்கினான்.
அவனுக்கு அடியில்
மூலம் இல்லை.
சாந்து இருந்தது,
சாந்தில் உளி கொத்திய வடு.
எந்தப் போரிலோ, யார் கோபத்திலோ.

பல் போனால் சொல் போகும்.
முகம் போய் எத்தனை காலமோ,
இவளிடம் வேண்டுதல் மட்டும் போகவேயில்லை.

அவள் தொழிலுக்கு ஒரு சட்டம் உண்டு:
குறைவாகத் தொடு. தொட்டது தெரியட்டும்.
உன் பசை
உனக்குப் பின் வருபவளுக்கு இளகட்டும்.
அதாவது
தன்னை அழிக்கப்போகிறவளுக்கு
இப்போதே கதவைத் தாழிடாமல் வை.
எஜிதியோ அறியான் இதை.
ஆளிவிதை எண்ணெயில் குழைத்து
என்றைக்கும் நிற்குமென்று நம்பித் தீட்டினான்.
நம்பிக்கையைச் சுரண்டத்தான்
இத்தனை நேரம் பிடித்தது.

மதியம் தாடை வீங்கிய லாரிக்காரர் தர்சீஸியோ வந்தார்.
தலைக்கவசம் தந்தாள்.
மெழுகுவத்தி ஏற்றவேண்டாம், கரைப்பான் இருக்கிறது என்றாள்.
ஏற்றாத மெழுகுவத்தியைப் பிடித்தபடி
பத்து நிமிடம் நின்றார்.
எந்த முகத்தை என்று
அவள் கேட்கவில்லை.

மாலைக்குள் அந்தச் சன்னலை
நீர்வண்ணத்தால் நெய்தாள்,
மயிரிழைக் கோடுகள், எல்லாம் செங்குத்து.
மூக்கைத் தொட்டு நின்றால் மழை.
பத்தடி தள்ளினால் கன்னம்.
ஓரத்தில் ஒரு நகக்கண் அளவு
சாந்தைச் சாந்தாகவே விட்டாள்.

அறிக்கையில்,
வடுவின் ஆழம்: நான்கு மில்லிமீட்டர்.
மூலம்: என்று எழுதிவிட்டுப்
பேனாவை மூடினாள்.
கீழே சாவி வாங்க வந்த தர்சீஸியோ
வாயில் பஞ்சு அடக்கிக்கொண்டு
ஏதோ சொன்னார்.
பல் மருத்துவரிடம் போய்வந்துவிட்டாராம்.