பதினான்குக்கும் இருபதுக்கும் நடுவில்

கனகபுரா சாலையில் அந்தக் கல்லூரி.
மூன்றாம் மாடி, சேர்க்கை உதவி மையம்,
ஜன்னலிலிருந்து நான்காவது நாற்காலி.
தமிழுக்கு மூன்றை அழுத்தினால்
நான் வருவேன்.

திரையின் ஓரத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது:
வெளிமாநில விண்ணப்பதாரர், தகுதி உதவித்தொகை,
பரிசீலனையில் உள்ளது.
அதன் கீழே மேலாளர் சிவப்புப் பேனாவில்:
கிடைக்கும் என்று சொல்லாதே,
கிடைக்காது என்றும் சொல்லாதே.
இரண்டுக்கும் நடுவில் தமிழில்
எத்தனை சொல் இருக்கிறதென்று
இந்த ஜூனில்தான் எண்ணிப் பார்த்தேன்.
பார்க்கலாம். வரலாம். இருக்கலாம்.
எல்லாமே லாம்.

கோவில்பட்டியிலிருந்து ஐகோர்ட்துரை.
முதல் முறை பேசும்போது பின்னால் ஹாரன்.
"குட்டியானை ஓட்டுதேம்மா, ஒரு நிமிசம்,
ஓரங்கட்டிக்கிடுதேன்."
மகள் பிரகல்யா. தொண்ணூத்தெட்டு புள்ளி ரெண்டு.
அந்தப் புள்ளி ரெண்டை அவர் விட்டதேயில்லை.
ஒவ்வொரு முறையும்
கண்டக்டர் கையில் சில்லறையைச் சரியாக வைப்பவர்போல்
வைத்தார்.

இடம் கிடைத்துவிட்டது.
அதை உறுதிசெய்ய அறுபதாயிரம்,
பதினான்காம் தேதிக்குள். திரும்ப வராது.
உதவித்தொகைப் பட்டியல்
இருபதாம் தேதி.
"அப்போ லிஸ்ட்டைப் பாத்துட்டுக் கட்டுதேன்."
பார்த்துவிட்டுக் கட்ட முடியாது.
"கட்டிட்டுப் பாத்தா?"
பார்க்கலாம்.
"கிடைக்கலன்னா?"
நான் தாளைப் படித்தேன்.
"அது சரிம்மா" என்றார்.
எது சரி என்று எனக்கு விளங்கவில்லை.

இரண்டாம் முறை பேசியது பிரகல்யா.
நோட்டில் கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.
பாதி கிடைத்தால் வரலாம்.
கால் கிடைத்து, வண்டித் தவணை மூன்று தள்ளிப்போனால் வரலாம்.
ஒன்றுமே இல்லையென்றால் என்ற வரியை
அவள் படிக்கவில்லை, தாள் புரளும் சத்தம் மட்டும் கேட்டது.
"போன வருசம் எங்களுக்குக் குடுத்தாங்களா மேடம்?"
கொடுத்தார்கள்.
"அதுக்கு முந்தி?"
இல்லை.
"அதுக்கும் முந்தி?"
மழை விட்டுவிட்டுப் பெய்வதற்கு
விதி தேடுகிற பிள்ளை.

நான் தங்கவயல்காரி.
வீட்டில் தமிழ்தான், ரேஷன் அட்டை இந்தப் பக்கம்.
உள்மாநிலம்.
அறுபத்தொன்று எடுத்தேன்,
எந்தப் பட்டியலுக்கும் காத்திருக்க நேர்ந்ததில்லை.

பதின்மூன்றாம் தேதி சாயங்காலம் மறுபடி அவர்.
உதவித்தொகையைப் பற்றிக் கேட்கவில்லை.
"நீங்களா இருந்தா கட்டுவீயளாம்மா?"

இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது.
என் குரலை அணைக்கும் பொத்தானை அழுத்திவிட்டு
கட்ட மாட்டேன் அண்ணே, என்றேன்.
சத்தமாகத்தான் சொன்னேன்.
தெலுங்கு பார்க்கும் பக்கத்து நாற்காலி
திரும்பிப் பார்த்தாள்.
விரலை எடுத்தேன்.
"லைன்ல இருக்கீயளா?"
இருக்கிறேன்.
முடிவு, விதிமுறைகளுக்கு உட்பட்டு,
உங்களுடையது.

மறுநாள் இரவு பதினொன்று ஐம்பத்திரண்டுக்குள்
அறுபதாயிரமும் வந்துவிட்டது.
மூன்று துண்டாக,
மூன்று வேறு ஆட்களின் கணக்கிலிருந்து.
கடைசித் துண்டு நாலாயிரத்து இருநூறு.
பதினைந்தாம் தேதி காலையில்
பச்சை வரிசையில் அவள் பெயரைப் பார்த்தேன்.
டீ வாங்கக் கீழே போய்
வாங்காமல் திரும்பி வந்தேன்.

இருபது வந்தது.
தாளில் தேதியை மட்டும் அடித்து
இருபத்தேழு என்று எழுதினார்கள்.

இருபத்திரண்டு, மதியம், வெளியே மழை.
தமிழுக்கு மூன்று.
அவர் குரல் வரும் முன்பே
என் கண் தாளுக்குப் போய்விட்டது.
"ஹாஸ்டல்ல வாளி குடுப்பாங்களாம்மா,
இல்ல, நாங்க கொண்டாரணுமா?"

கொண்டு வாங்க அண்ணே.
இங்க தர மாட்டாங்க.
மூடி போட்டதா வாங்குங்க.